பிறவியிலேயே சுருண்ட முடி, தடித்த உள்ளங்கால்: இதயத்தைப் பார்க்கச் சொல்வது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பிறக்கும்போதே முடி ஸ்பஞ்சு மாதிரி சுருண்டு, மெலிசாக இருந்தது. இரண்டு முறை குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டோம், திரும்பவும் அப்படியே வளர்கிறது. நடக்க ஆரம்பித்த பிறகு உள்ளங்கால் தடித்து, குதிகாலில் வெடிப்பு விழுந்தது. இப்போது உள்ளங்கையும் சொரசொரப்பாகிவிட்டது. தோல் டாக்டரிடம் போனோம். அவர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "இதய டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள்" என்றார். பையன் நாள் முழுக்க ஓடுகிறான், ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தம்பிக்கும் இதே முடி, இதே கைதான். 19 வயதில் கபடி ஆடும்போது விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை. என் அப்பா அம்மாவும் சொந்தம்தான். 3 வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு முடி நேராகத்தான் இருக்கிறது. முடிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்? நாங்கள் சொந்தத்தில் கட்டியதுதான் தப்பா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோல் டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள். பையன் நன்றாக ஓடுகிறான் என்பதற்காகப் பரீட்சை லீவு வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தைகள் இதய மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்குங்கள். பள்ளியில் ஓட்டப்பந்தயம், கபடி மாதிரி போட்டி விளையாட்டு எதுவும் இருந்தால், பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் மகனுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விஷயங்களையும் (பிறவியிலேயே கம்பளி போன்ற முடி, நடக்கத் தொடங்கிய பிறகு தடித்த உள்ளங்கால், அதே அடையாளங்களோடு இளம் வயதில் இறந்த தம்பி, இரண்டு தலைமுறையாக நெருங்கிய சொந்தத்தில் திருமணம்) சேர்த்துப் படிக்கும் எந்த இதய மருத்துவருக்கும் ஒரு பெயர் உடனே மனதில் வரும். நாக்சோஸ் நோய், அல்லது அதற்கு மிக நெருக்கமான கார்வஹால் நோய். அரிதான பரம்பரை நோய்கள் இவை.

நாக்சோஸ் என்பது கிரேக்க நாட்டில், ஏஜியன் கடலில் உள்ள ஒரு தீவு. அங்கே சில குடும்பங்களில் கம்பளி முடியும் தடித்த உள்ளங்கை, உள்ளங்காலும் உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பும் கோளாறாக இருப்பதை நிக்கோஸ் புரோட்டோநோட்டாரியோஸ், அடலேனா த்சாத்சோபூலு ஆகிய மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் கவனித்து 1986-ல் எழுதினார்கள். அடுத்து 1998-ல் தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் லூயிஸ் கார்வஹால் என்ற தோல் மருத்துவர் இதே போன்ற முடியும் தோலும் உள்ள குடும்பங்களைப் பற்றி எழுதினார். கவனியுங்கள், அங்கேயும் இதயத்தில் பிரச்சினை இருப்பதை முதலில் எடுத்துச் சொன்னவர் ஒரு தோல் மருத்துவர்தான். உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார்.

தீவுக்காரர்களுக்கும் ஈக்வடார்காரர்களுக்கும் வந்தது நமக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். துருக்கியிலும் அரபுக் குடும்பங்களிலும் நம் இந்தியாவிலும் இப்படிப்பட்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். பெயர்தான் தீவுடையது.

சரி, முடிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை 2000-ல் கிடைத்தது.

நம் உடம்பில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இழுபடும், அழுத்தப்படும், தேயும் இடங்களில் சாதாரண ஒட்டு போதாது. அங்கே செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி கெட்டியான இணைப்புகள் இருக்கின்றன. அதற்கு டெஸ்மோசோம் என்று பெயர். தோலிலும் முடி முளைக்கும் வேர்ப்பையிலும் இதயத் தசையிலும் இவை நிறைய இருக்கின்றன. இந்தப் பொத்தானைச் செய்யும் புரதங்களில் இரண்டு, பிளாகோகுளோபின், டெஸ்மோபிளாக்கின். நாக்சோஸ் குடும்பங்களில் பிளாகோகுளோபினுக்கான மரபணுவில் பிழை. ஈக்வடார் குடும்பங்களில் டெஸ்மோபிளாக்கினுக்கான மரபணுவில் பிழை. இரண்டும் ஒரே வருடம் வெளிவந்தன.

இப்போது உங்கள் மகனின் காலை நினைத்துப் பாருங்கள். பிறந்தபோது பஞ்சு மாதிரி இருந்த பாதம், அவன் எழுந்து நடந்த பிறகுதானே தடித்தது? அதுவும் எங்கே? குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும்தான் முதலில் வந்திருக்கும், பாதத்தின் நடுக் குழிவில் இருக்காது. உடல் எடை எங்கே விழுகிறதோ அங்கே பலவீனமான இணைப்பு பாதிக்கப்படுகிறது, தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் காய்த்துப்போகிறது. முடி அப்படியில்லை, அது உருவாகும்போதே கோணலாக உருவாகிறது. அதனால்தான் பிறவியிலேயே தெரிகிறது. எத்தனை மொட்டை போட்டாலும் வேர் அதேதானே, அதே முடிதான் வரும்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,00,000 முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு முறையும் தசை இழுபடுகிறது. இணைப்பு பலவீனமாக இருந்தால் செல்கள் மெல்ல விலகி, செத்து, அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் சேர்கின்றன. நாக்சோஸ் வகையில் இது பெரும்பாலும் சுவர் மெல்லியதாக உள்ள வலது கீழறையில் ஆரம்பிக்கிறது. கார்வஹால் வகையில் இடது கீழறை அதிகம் பாதிக்கப்பட்டு, இதயம் வீங்கிப் பம்ப் செய்யும் சக்தி குறைகிறது. தழும்பு விழுந்த இடத்தில் இதயத்தின் மின்சாரம் நேராகப் போக முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். அப்போது துடிப்பு திடீரென்று தாறுமாறான வேகம் பிடிக்கும். மயக்கம் வரும், சில நேரம் உயிரே போகும்.

உங்கள் தம்பிக்கு நடந்தது இதுவாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் இளம் வயதில் யார் திடீரென்று விழுந்தாலும் மாரடைப்பு என்றுதான் சொல்வார்கள். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு. இது அதுவல்ல, மின்சாரக் கோளாறு. இந்த வித்தியாசத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம், அடைப்பு என்றால் 7 வயதுப் பையனுக்கு அதெல்லாம் வராது என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடுவார்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பார்த்த ஒரு பையனை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 16 வயது. ஓடும்போதெல்லாம் விழுகிறான், வலிப்பு என்று ஒரு வருடமாக மாத்திரை கொடுத்திருந்தார்கள். அன்றும் வலிப்பு என்றுதான் வார்டில் சேர்த்தார்கள். டிரிப்ஸ் ஊசி போட அவன் கையைத் திருப்பினேன். உள்ளங்கையில் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாக நீளநீளமாக மஞ்சள் நிறத் தடிப்பு, மம்பட்டி பிடித்துக் காய்த்த கை மாதிரி. "என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று கேட்டேன். "வேலையெல்லாம் இல்ல சார், படிக்கிறேன்" என்றான். பக்கத்தில் நின்ற அவன் அம்மா, "அவனுக்கு சின்ன வயசிலேர்ந்தே கை அப்படித்தான் சார், முடியும் அப்படித்தான்" என்றார். அன்று இரவு மானிட்டரில் அவனுடைய துடிப்பு தாறுமாறாக ஓடியதை நானே பார்த்தேன். அது வலிப்பே இல்லை. அந்தக் கையை ஒரு வருடமாக எத்தனையோ பேர் பிடித்து நாடி பார்த்திருப்பார்கள், யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நாடி பார்க்கும்போது உள்ளங்கையையும் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

உங்கள் மகன் விஷயத்தில் 7 வயதிலேயே ஒருவர் பார்த்துவிட்டார். இந்த நோயில் இதயத் தொந்தரவு பொதுவாக வளரிளம் பருவத்தில்தான் தலைகாட்டும். நாக்சோஸ் வகையில் அந்தப் பருவத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் இதயத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்துவிடுகிறது. கார்வஹால் வகையில் இன்னும் சிறு வயதிலேயே தொடங்கலாம். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கலாம், ஆனால் அதை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பளி முடி உள்ள எல்லாக் குழந்தைக்கும் இதய நோய் இல்லை. வேறு சில மரபணுக்களால் முடி மட்டும் இப்படி இருக்கும், கை கால் நன்றாக இருக்கும், இதயத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே மாதிரி உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் தடிக்கும் பரம்பரைத் தோல் நோய்கள் பல உண்டு. சுருள் முடிக் குடும்பத்தில் சுருள் முடியோடு பிறப்பது நோயே இல்லை. இதைப் படிக்கும் மற்ற அம்மாக்கள் குழந்தையின் தலையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். முடியும் பாதமும் சேர்ந்து வந்தால்தான் இதயத்தைப் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் மகனுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது, கூடவே தம்பியின் கதையும் இருக்கிறது.

என்ன பரிசோதனை செய்வார்கள்? ஈசிஜி, எக்கோ இரண்டும் முதல் நாளே எடுத்துவிடுவார்கள். 24 மணி நேரம் நெஞ்சில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவி, அவன் தூங்கும்போதும் விளையாடும்போதும் துடிப்பு எப்படி என்று பதிவுசெய்யும். தழும்பு, கொழுப்பு விழுந்திருக்கிறதா என்று துல்லியமாகப் பார்க்க இதய எம்ஆர்ஐ வேண்டும். அசையாமல் படுக்க வேண்டியிருப்பதால் சிறுவர்களுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஈசிஜி விஷயத்தில் ஒரு நுணுக்கம். பெரியவர்களுக்கு மார்பின் முன்பக்கம் எடுக்கும் பதிவில் டி அலை என்ற வளைவு தலைகீழாக இருந்தால் இந்த நோய்க்கான அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்வோம். சிறு குழந்தைகளுக்கு அது இயல்பாகவே தலைகீழாகத்தான் இருக்கும். அதனால் ஈசிஜி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நீங்களே இணையத்தில் தேடிப் பயப்பட வேண்டாம், குழந்தைகளின் ஈசிஜி பார்த்துப் பழகிய ஒருவர் படிக்கட்டும். இதைவிட முக்கியம், முதல் தடவை எல்லாம் நார்மல் என்று வந்தால் "ஒன்றும் இல்லை" என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். இந்த நோயில் 7 வயது நார்மல், 14 வயது நார்மலுக்கு உத்தரவாதம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது, மருத்துவர் சொன்னால் அதற்கு முன்பும், திரும்பப் பார்க்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொஞ்சம் எடுத்தால் போதும். எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால் எந்தக் கீழறையை அதிகம் கவனிக்க வேண்டும், வீட்டில் வேறு யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகும். டெஸ்மோபிளாக்கின் வகையில் சில குழந்தைகளுக்குப் பல் முளைப்பதிலும் குறை இருக்கும். மகனுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் பல் வரவில்லை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதே வகையில் நெஞ்சுவலியோடு, இதயத் தசை வீக்கம் மாதிரி திடீர்த் தாக்குதலும் வரலாம். பையன் நெஞ்சு வலிக்குது என்றால் வாயு என்று பெருங்காயம் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

சிகிச்சை என்றால், தேய்ந்த இணைப்பைத் திரும்பத் தைக்கும் மருந்து இன்று இல்லை. அதை மறைத்துப் பேசி உங்களுக்கு நம்பிக்கை தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விபரீதத்தைத் தடுக்க வழிகள் இருக்கின்றன. துடிப்பு எகிறாமல் பார்த்துக்கொள்ள பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், தேவைப்பட்டால் வேறு துடிப்புச் சீராக்கும் மருந்துகள். பம்ப் செய்யும் சக்தி குறைந்தால் அதற்கான மருந்துகள். ஆபத்தான துடிப்பு வந்தவர்களுக்கும், காரணம் புரியாத மயக்கம் வந்தவர்களுக்கும், இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கும் ஐசிடி என்ற கருவியை உடம்பில் வைப்பதை யோசிப்பார்கள். பேஸ்மேக்கர் மாதிரி இருக்கும், துடிப்பு தாறுமாறானால் உள்ளேயே ஷாக் கொடுத்து நேராக்கிவிடும். நான் சொன்ன அந்தப் பையனுக்கு அதுதான் வைத்தோம். மிகவும் முற்றிய சிலருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

விளையாட்டைப் பற்றி. ஓடும் குழந்தையை உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால் எப்படித் தடித்தது என்று மேலே சொன்னேனே, இதயத்துக்கும் அதே கணக்குதான். கடுமையான உழைப்பு அந்த நேரத்தில் துடிப்பைக் கெடுப்பதோடு நிற்காமல், நோயையே வேகமாக வளர்க்கிறது. இப்போது 7 வயதில் வேறு ஆர்வங்களைப் பழக்கினால் சுலபம். 15 வயதில் பள்ளி கபடி அணியிலிருந்து வெளியே இழுத்தால் அவனும் உடைந்துபோவான், நீங்களும் உடைந்துபோவீர்கள். நடை, மெதுவாக சைக்கிள், கேரம், செஸ், கேமரா, வரைதல், எதில் அவன் மனம் போகிறதோ அதில் விடுங்கள். நோய் உறுதியானால் எது கூடும், எது கூடாது என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். பிடி மாஸ்டருக்கு வாயால் சொன்னது அடுத்த வருடம் வரும் புது மாஸ்டருக்குத் தெரியாது.

விழுந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் செய்ய, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். குழந்தைகளுக்கு ஒவ்வொரு அழுத்தலும் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. மருத்துவமனையில் கேளுங்கள், பொம்மையை வைத்து அரை மணி நேரத்தில் சொல்லித்தருவார்கள்.

தோலுக்கு உங்கள் டாக்டர் கொடுத்த களிம்பைத் தொடருங்கள். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் ஊற வைத்து, துடைத்த ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுவிட்டால் நன்றாகப் பிடிக்கும். பிளேடு வைத்துச் சீவுவதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள், வெடிப்பில் சீழ் பிடித்தால் பெரிய தொந்தரவு.

அப்புறம், சொந்தத்தில் கட்டியது. உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தீர்கள், ஆனால் எழுத ஆரம்பித்தபோதே மனதில் அதுதான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த நோய்கள் வழக்கமாக இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால்தான் வரும். ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவர்கள் தங்களுக்கே தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போவார்கள். உங்கள் தாத்தா பாட்டி யாரோ ஒருவரிடம் இருந்த ஒரு பிழை, உங்கள் அம்மா வழியாக உங்களுக்கும், அம்மாவின் தம்பியான உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அது உண்மை. ஆனால் அது உங்கள் தப்பில்லை. கல்யாணம் பேசும்போது 20 வயதுப் பெண்ணான உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? தம்பி இறந்தபோதுகூட யாரும் சொல்லவில்லையே. உங்களையும் கணவரையும் மாமியாராகவும் பாட்டியாகவும் இருப்பவரையும் யாராவது குறை சொன்னால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இருவரிடமும் பிழை இருப்பது உறுதியானால், அடுத்து ஒரு குழந்தை பெறுவதானால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தவருக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. மகனின் மரபணுப் பிழை எது என்று தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கிலேயே கருவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு.

மகளுக்கு முடி நேராக இருக்கிறது, பாதத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதுவும் மிருதுவாக இருந்தால் அவளுக்கு இரண்டு பிழைகளும் இல்லை என்பதற்கு மிக நல்ல அடையாளம் அது. ஆனாலும் ஒருமுறை ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள். நீங்களும் உங்கள் கணவரும்கூட எடுக்க வேண்டும், ஏனென்றால் டெஸ்மோபிளாக்கின் பிழைகளில் சில, ஒரே பிரதியில் இருந்தாலும் பெரியவர்களின் இதயத்தைப் பாதிக்கின்றன. உங்கள் அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். மகள் பெரியவளாகி, வீட்டில் அவளுக்கும் சொந்தத்தில் பேச்சு எடுத்தால், இரண்டு பக்கமும் பரிசோதித்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மகனின் செருப்பு, சாக்ஸைக் கழற்றிக் காட்டச் சொல்லி நீங்களே கேளுங்கள். பழைய தோல் சிகிச்சைச் சீட்டுகளையும் எடுத்துப்போங்கள். தம்பியின் மருத்துவமனைச் சீட்டு ஏதாவது உங்கள் அம்மாவிடம் பத்திரமாக இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றால் தம்பியின் முடி நன்றாகத் தெரிகிற ஒரு போட்டோ போதும்.